கண்டல் வேலியும் காணி உரிமையும்

அண்மைக் காலமாக அரச அறிக்கைகளிலும், அரசசார்பற்ற நிறுவனங்களின் பிரசுரங்களிலும், பாடசாலைச் சுற்றாடற் கழகங்களின் சுவரொட்டிகளிலும் ஒரு சொற்றொடர் அடிக்கடி கண்ணிற் படுகின்றது. ‘இயற்கைசார் தீர்வுகள்’ என்பதே அது. வெள்ளம், சூறாவளி, மண்சரிவு, கடற்பெருக்கு ஆகிய அனர்த்தங்களுக்குக் கருங்கல்லையும் சீமெந்தையும் மட்டும் நம்பியிராது, கண்டற் காடு, மணற்குன்று, பவளப்பார், சதுப்பு நிலம், மலைச்சரிவுக் காடு முதலியவற்றைப் பேணியும் மீட்டும் மக்களைக் காக்கலாம் என்பது அதன் சாரம். உலக வங்கி 2008 இல் வெளியிட்ட ஓர் அறிக்கையின் தலைப்பில் இடம்பெற்ற இத்தொடர், 2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சுற்றாடற் பேரவையின் தீர்மானமொன்றில் வரையறை பெற்றது. சொல் புதிது, பொருள் பழையது. கண்டலை ஊருக்கு வேலியாகக் காணும் நோக்குச் சங்கச் செய்யுட்களிலேயே உண்டென்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர்.

இக்கருத்தை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது நல்ல கருத்து. பெரும்பாலும் உண்மையான கருத்து. ஆயின், நல்ல கருத்தொன்று எவர் வாயிலிருந்து, எவரை நோக்கி, எவற்றைச் சொல்லாது விட்டுக் கூறப்படுகின்றது என்பதை ஆராய்வதே திறனாய்வின் கடமை. வேலி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அது நிற்கும் காணி யாருடையது, அதை அடைத்துக் காப்பவர் யார், அதனுள்ளே இருப்பவர் யார், வெளியே விடப்பட்டவர் யார் என்ற வினாக்கள் உடன் எழுகின்றன. ‘இயற்கைசார் தீர்வுகள்’ பற்றிய எழுத்துக்களிற் பெரும்பகுதி இவ்வினாக்களைத் தொடாமலே கடந்து செல்கின்றது. இலங்கையின் கரையோரத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இத்தீவில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அம்பாறை மாவட்டமே மிகக் கூடிய இழப்பைக் கண்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த கவிதைகள் பல, கடலை நோக்கி முறையிட்டன. தாயென்று நம்பிய கடல் பேயாக மாறியது ஏன் என்று கேட்டன. இழப்பின் வேளையில் அம்முறையீடு இயல்பானதே, அதைப் பழிப்பதற்கில்லை. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் மற்றெல்லோரும் கூண்டிலிருந்து இறங்கிவிடுகின்றனர். இன்று சுவரொட்டிகள் இயற்கையைக் காவற் தெய்வமாகப் போற்றுகின்றன. அன்று பேய், இன்று தெய்வம். இரண்டிலும் வினை செய்வது இயற்கையே. மனிதர் செய்ததும் செய்யத் தவறியதும் மறைந்துவிடுகின்றன.

இலக்கணம் கற்பிப்போருக்கு இது எளிதில் விளங்கும். ‘காடு அழிந்தது’ என்பது ஒரு வாக்கியம். ‘காடு அழிக்கப்பட்டது’ என்பது இன்னொரு வாக்கியம். ‘இன்னார் இன்ன பயன் கருதிக் காட்டை அழித்தனர்’ என்பது மூன்றாவது. முதல் வாக்கியத்தில் அழித்தவரே இல்லை. இரண்டாவதில் அவர் இருந்தும் மறைந்து நிற்கின்றார். மூன்றாவதில் மட்டுமே அவர் எழுவாயாக வெளிப்படுகின்றார். நமது அனர்த்த இலக்கியமும் அனர்த்த அறிக்கைகளும் முதலிரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாவது வாக்கியத்தை எழுதுவதற்கான சான்றுகள் இல்லாமலில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு யால பகுதியில் ஓர் உண்மையைப் பதிவு செய்தது. அங்கே உல்லாச விடுதியொன்று, தங்குவோர் கடற்காட்சியைத் தடையின்றிக் காண வேண்டுமென்பதற்காகத் தன் முன்னிருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அலை அவ்விடைவெளியூடாகப் புகுந்து விடுதியை அழித்தது. குன்று குலையாதிருந்த அயலிடங்கள் அத்தகைய தாக்கத்துக்கு உட்படவில்லை. காட்சி விற்பனைப் பண்டமாயிற்று. குன்று அதற்கு இடையூறாயிற்று. இதில் எழுவாய் தெளிவாகவே தெரிகின்றது.

பெரலிய என்ற தென்மேற்குக் கரைக் கிராமத்தின் கதை இன்னும் சிக்கலானது. அங்கேதான் புகையிரதமொன்று அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பகுதியிற் கடல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் உட்புகுந்தது. சில கிலோமீற்றர் தொலைவில், பவளப்பார் பேணப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் சில பத்து மீற்றருடன் நின்றது. பெரலியவுக்கு எதிரே பார் அகழப்பட்டுப் போனமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென ஆய்வாளர்கள் 2005 இலேயே எடுத்துக் காட்டினர். உடனே ‘பவளம் திருடியோர்’ மீது பழி விழுந்தது. பவளத்தை உடைத்தவன் ஏழை, ஐயமில்லை. ஆனால் அவன் அதை உண்ணவில்லை. அது சூளைக்குச் சென்று சுண்ணாம்பாகி, கட்டடச் சுவர்களுக்குப் போயிற்று. உடைத்தவனைக் கண்ட சமூகம், சூளை முதலாளியையும் சுண்ணாம்பை மலிவாகப் பெற்றவனையும் காணவில்லை. எழுவாயைத் தேடும்போது சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவனோடு தேடலை நிறுத்திக் கொள்வதும் ஒருவகை மறைப்பே.

இனிக் கண்டற் காட்டுக்கு வருவோம். கண்டலும் கண்ணாவும் செறிந்த காட்டின் வேர்களும் அடிமரங்களும் அலையின் விசையை உராய்வினாற் குறைக்கின்றன. காற்றெழுப்பும் சாதாரண அலையின் உயரம், நூறு மீற்றர் அகலமான காட்டைக் கடக்கையில் நூற்றுக்கு 13 முதல் 66 வீதம் வரை தாழ்வதாக ஆய்வுகள் கணித்துள்ளன. ஆனால் சூறாவளி தள்ளிவரும் கடற்பெருக்கின் மட்டம், ஒரு கிலோமீற்றர் அகலக் காட்டைக் கடந்த பின்னரும் 5 முதல் 50 சென்ரிமீற்றர் வரையே தாழ்கின்றது. அதாவது சிற்றலைக்கு ஒரு பட்டைக் காடு போதும். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்தது போன்ற சூறாவளிக்குப் பெருங்காடு வேண்டும். ஆழிப்பேரலைக்கு அதுவும் உறுதியான காப்பாகாது. காட்டின் தரமும் முக்கியமானது. இலங்கைக் கண்டற் கரைகளை ஆழிப்பேரலைக்குப் பின் ஆராய்ந்தோர், சீர்கெடாத முன்னணிக் காடுகள் தாக்கத்தைத் தாங்கினவென்றும், பார்வைக்குக் காடாக இருந்தும் இன அமைப்பில் உள்ளூரச் சீரழிந்திருந்தவை அவ்வாறு தாங்கவில்லையென்றும் கண்டனர்.

இவ்விடயத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு விவாதம் நமக்குப் பெரிதும் பயன்படத்தக்கது. அதே ஆழிப்பேரலை தாக்கிய தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்த கதிரேசன், இராஜேந்திரன் ஆகிய இருவரும், கண்டலும் பிற தாவரங்களும் உயிரிழப்பைக் குறைத்தன என்று 2005 இல் எழுதினர். அடுத்த ஆண்டே வேறு சில விஞ்ஞானிகள் அதே தரவுகளை மீளக் கணித்து, கிராமம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேட்டில் இருந்தது என்பவற்றாலேயே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கலாமென்றும், தாவரத்தின் தனிப் பங்கு மிகச் சிறிதென்றும் மறுத்துரைத்தனர். காடு கடலிலிருந்து சற்றுத் தள்ளிய மேட்டிடங்களில் வளர்ந்திருந்தது. அவ்விடக் கிராமங்கள் இயல்பாகவே பாதுகாப்பாயிருந்தன என்பது அவர்களது வாதம்.

இவ்விவாதத்தை விஞ்ஞானிகளின் உள்வீட்டுப் பிணக்கென்று தள்ளிவிடுதல் தவறு. இருதரப்பாரும் கேளாத கேள்வியொன்று அதனுள் பொதிந்து கிடக்கின்றது. உயிரைத் தீர்மானித்தவை தூரமும் உயரமும் என்றால், தாழ்ந்த நிலத்தில், கடலை ஒட்டிக் குடியிருந்தவர் யார்? அவர் ஏன் அங்கே குடியிருந்தார்? மேட்டு நிலம் யாருடைய உறுதியில் இருக்கின்றது? தூரமும் உயரமும் புவியியல் அளவுகள் மட்டுமல்ல. அவை சமூக அளவுகளுமாம். கரைவலை இழுப்பவனின் குடிசை கடலோரத்தில் நிற்பதற்கும் சம்மாட்டியின் கல்வீடு தெருவோரத்தில் நிற்பதற்கும் காரணத்தைக் கடலிடம் கேட்டுப் பயனில்லை.

இவ்வுண்மையை அரசு அறியாமலில்லை. ஆனால் அதனைத் தலைகீழாக அறிந்து கொண்டது. 2005 இன் தொடக்கத்தில், தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டுதல் கூடாதென விதிக்கப்பட்டது. மக்களின் பாதுகாப்புக்கான இடைவலயம் என்றே அது அறிமுகமாயிற்று. ஆயின், கடற்றொழிலாளர் குடியிருப்புக்கு மறுக்கப்பட்ட சலுகை உல்லாச விடுதிகளுக்குக் கிடைத்தது. ஒரே கடல், ஒரே அலை; ஆனால் வடகிழக்குக் குடும்பத்துக்கு இருமடங்கு தூரம், விடுதிக்கோ விதிவிலக்கு. தோணியும் வலையும் கரையில் இருக்க, தொழிலாளி மைல்கணக்கில் உள்ளே குடியேற்றப்படும்போது அவன் தொழிலே அறுந்துபோகின்றது என்பதை வரைபடம் வரைந்தோர் எண்ணவில்லை. மக்களின் எதிர்ப்பினாலும், மாற்றுக் காணி இன்மையாலும் 2005 இறுதியிலிருந்து அவ்விதி தளர்த்தப்பட்டது. இயற்கைக்கு இடம் விடல் வேண்டும் என்ற சரியான கொள்கை, காணியற்றோரைக் கரையிலிருந்து அகற்றும் கருவியாக எவ்வாறு மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

கண்டலை அழித்தவர் யார் என்பதும் மறைபொருளன்று. புத்தளம், சிலாபம் பகுதிகளில் 1980 களிலிருந்து இறாற் பண்ணைகள் களப்போரக் கண்டலை விழுங்கின. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியதும் குளங்கள் பல கைவிடப்பட்டன. இலாபம் ஏற்றுமதியாகிவிட்டது, உவர்ந்த வெறுங்குழிகள் ஊரில் எஞ்சின. கிழக்கிலோ போர்க்காலத்தில் ‘பாதுகாப்பு’ என்ற பெயரால் வாவியோரக் கண்டல் வெட்டப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், அழித்ததை மீட்கும் இயக்கம் எழுந்தது. அதன் பெறுபேற்றை இலங்கை ஆய்வாளர்கள் பங்குகொண்ட குழுவொன்று 2017 இல் வெளியிட்டது. நடுகை மேற்கொள்ளப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டேயரில், 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியது. ஆராய்ந்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு.

இத்தோல்விக்கான காரணங்கள் எளியவை. எந்த மண்ணில், எந்த நீர்மட்டத்தில், எந்த இனம் வளரும் என்று பாராமல், எளிதிற் கிடைத்த கன்றுகளையே எங்கும் நட்டனர். நட்ட நாளில் அமைச்சரும் புகைப்படக்காரரும் இருந்தனர், மறுநாள் எவருமில்லை. கன்றைப் பற்றிய சிப்பியை அகற்றவும், மாட்டைத் தடுக்கவும் ஆளில்லை. நட்டபின் பராமரிப்புக் கிடைத்த இடங்களிற் பிழைப்பு உயர்ந்திருந்தது என அதே ஆய்வு கூறுகின்றது. இத்தனை கன்றுகளை நட்டோம் என்பது அறிக்கைக்குப் போதுமானது. ஆனால் கடல் அறிக்கையை வாசிப்பதில்லை. 2024 இல் இந்நாட்டின் கண்டல் மீட்பு முயற்சி ஐக்கிய நாடுகளின் உலக முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. முன்னைய பிழைகளிலிருந்து கற்றுக்கொண்டு நடைபெறும் பணி என்பதற்காக அதனை வரவேற்கலாம். எனினும் கற்க வேண்டிய பாடம் தாவரவியலோடு முடிந்துவிடுவதன்று.

நீர்கொழும்புக் களப்பு அதனைக் கற்பிக்கும். அங்கே சிங்களக் கடற்றொழிலாளர் ‘மஸ் அத்து’ எனப்படும் முறையால் மீன் பிடிப்பர். கண்டற் கிளைகளைக் களப்பினுள் வட்டமாக நாட்டி, அந்நிழலில் மீன் கூடியபின் வலையால் வளைப்பது அம்முறை. அதற்குக் கிளைகள் இடையறாது வேண்டும். ஆதலால் தொழிலாளரிற் சிலர் கரையோரத்தில் தாமே கண்டலை நட்டு, முறைவைத்து வெட்டி, மீண்டும் தழைக்கவிட்டு வந்துள்ளனர். அவர்களுக்குக் கண்டல் என்பது திட்டமுமல்ல, தெய்வமுமல்ல; தொழிற் கருவி. மேற்சொன்ன மூன்று இடங்களிலும் கன்றுகள் தேறியதற்குக் காரணம் ஒன்றே என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், தன் உழைப்போடும் உணவோடும் பிணைந்த காட்டை மனிதன் காப்பான் என்பதற்கு இது சான்று. கண்டலிற் கத்தி வைப்பதே குற்றம் எனப் பொதுப்பட விதிப்போர், இறாற் பண்ணை முதலாளியையும் மஸ் அத்துத் தொழிலாளியையும் ஒரே தட்டில் நிறுத்துகின்றனர். சட்டத்தின் முன் சமத்துவம் என்று இதனை மெச்ச முடியாது.

2015 இல் தொடங்கிய பெருந்திட்டமொன்று, கரையோரப் பெண்கள் பதினையாயிரம் பேருக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளித்து, பதிலாகக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க முனைந்தது. ஏழைப் பெண்ணின் கைக்கு முதல் கிடைப்பது நன்றே. ஆனால் இங்கு உழைப்பின் கணக்கை வாசிப்போர் ஒன்றைக் காண்பர். கரைச்சுவர் கட்டும் பொறியியலாளருக்குச் சம்பளம். கல் சுமப்பவருக்குக் கூலி. உயிருள்ள சுவரைக் காக்கும் பெண்ணுக்குக் கடன். வேலி காத்தல் வேலையென்றால் அதற்கு ஊதியம் வேண்டும். ‘இயற்கைசார் தீர்வு’ சீமெந்தை விட மலிவானது என்று போற்றப்படும்போது, அம்மலிவின் ஒரு பகுதி கூலியில்லா உழைப்பிலிருந்து வருகின்றதா என்று கேட்பது நமது கடமை.

கரையிற் கண்டதை மலையிலும் வைத்துப் பார்த்தால், வாதம் கரைக்கு மட்டும் உரியதன்று என்பது புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடு வெட்டப்பட்டது. ஆழ வேரோடிய மரங்கள் நின்ற சரிவுகளில் லயன்கள் எழுந்தன. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணிற் புதையுண்டன. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் மண்சரிவே மலையகத்தை மிகவும் வாட்டியது. சரிவுகளில் வெட்டிவேர் நட்டு மண்ணைப் பிடித்துவைக்கலாம் என்பர். மேற்படை மண்ணுக்கு அது பயன்தரும். ஆனால் பல மீற்றர் ஆழத்தில் நழுவும் மலையை எந்தப் புல்லும் நிறுத்தாது. அங்கே தீர்வு இடம் மாறுவதே. இடம் மாறக் காணி வேண்டும். தலைமுறை தலைமுறையாக அம்மலையில் உழைத்தும், தான் குடியிருக்கும் அறைக்கு உறுதியில்லாத தொழிலாளி எங்கே மாறுவான்? ‘அபாயம் என்று சொல்லியும் போகவில்லை’ என அவன்மேற் பழி சொல்வது எளிது. போவதற்கு இடம் கொடாமல் போகச் சொல்வது எச்சரிக்கையாகாது.

இங்கு இடதுசாரிகளாகிய நாமும் நம்மை விசாரித்துக்கொள்ளல் வேண்டும். சுற்றாடல் பற்றிய பேச்சை நடுத்தர வர்க்கத்தின் ஓய்வுநேரக் கவலையென நீண்ட காலம் ஒதுக்கி வைத்தோம். காடு வெட்டிக் குடியேற்றுவதும், களப்பை நிரப்பித் தொழிற்சாலை கட்டுவதும் முன்னேற்றமென்றே நம்மிற் பலர் எழுதினர். நாம் காலியாக விட்ட இடத்தை நிறுவனங்களின் சொல்லாடல் நிரப்பியது. ஆகவே, அச்சொல்லை ஏளனம் செய்வதோடு நின்றால் அது நமது தவறுக்கு மூடியாகவே அமையும். ஏழைகளும் விறகுக்காகக் கண்டலை வெட்டுகின்றனரே என்ற மறுப்பு எழலாம். வெட்டுகின்றனர், மறுப்பதற்கில்லை. அடுப்புக்கு வேறு வழியும், காட்டில் தமக்கொரு பங்கும் இல்லாதவன் நாளையைப் பற்றி எண்ணுவதில்லை. அவனுக்குப் போதனை தேவையில்லை, உரிமை தேவை.

எனவே நமது நிலைப்பாட்டைச் சுருங்கக் கூறலாம். இயற்கை காக்கும் என்பது அரை வாக்கியம். காணியும் தொழிலும் சொல்லுரிமையும் பெற்ற மக்கள் பேணும் இயற்கை, தன் ஆற்றலின் எல்லைக்குள், அம்மக்களைக் காக்கும் என்பதே முழு வாக்கியம். இதனை முழுமையாகச் சொல்லும் பொறுப்பு எழுத்தாளருக்கும் ஆசிரியருக்கும் உண்டு. அடுத்த முறை பாடசாலையிலிருந்து மாணவரைக் கண்டல் நடக் களப்புக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கன்றோடு மூன்று வினாக்களையும் கொண்டுசெல்லட்டும். இங்கே முன்னர் நின்ற காடு யாரால், எதற்காக வெட்டப்பட்டது? இக்கன்றை நாளை முதல் யார், எந்த ஊதியத்துக்குப் பார்ப்பர்? இது மரமாகி நிற்கும் நாளில் இக்கரையில் யார் குடியிருப்பர்? விடைகளைக் களப்போரத்து முதியவர்களிடம் கேட்டு மாணவர் தம் கொப்பிகளில் எழுதட்டும். அவ்வாறு எழுதப்படும் வாக்கியங்களில் எழுவாய் மறைந்திராது.